நாற்றுப் பிடிக்கும் விரலும் பிளாட்டின ஊசியும்

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1920-களின் தொடக்கத்தில் இறந்துபோனார். சீதபேதி என்று நினைத்து அதற்கே வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்று. தஞ்சாவூருக்குப் பக்கத்துச் சீமையான புதுக்கோட்டையில் பிறந்து, 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர் முத்துலட்சுமி. ஒரு மருத்துவரின் சொந்த வீட்டிலேயே அந்த நோயை அடையாளம் காண முடியாமல் போனது. அந்தத் துயரம் அவரை விடவில்லை. 1954 ஜூன் 18-ஆம் தேதி அடையாற்றில் 12 படுக்கைகளோடு தொடங்கிய புற்றுநோய் நிலையத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

நூறு வருஷம் ஆகிவிட்டது. காவிரிப் படுகையில் இந்த நோய் இன்றும் பலருக்கு வேறு பெயரில்தான் முதலில் வருகிறது: மூலம். மலத்தில் ரத்தம் கண்டதும் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் எழுதியிருக்கும் மூலம், பவுத்திர விளம்பரம் நினைவுக்கு வரும். சூடு என்று சொல்லி மோரும் வெந்தயமும் குடிப்பார்கள். அறுவடைக் கூலி போய்விடுமே என்று ஒரு மாதம் தள்ளும், அப்புறம் ஒரு பருவமே தள்ளும். மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் நம் நாட்டில் குடல் புற்று குறைவு. அந்தக் குறைவே ஒரு விதத்தில் கெடுதல் செய்கிறது. அரிதாகப் பார்க்கும் நோயை மருத்துவரும் சட்டென்று சந்தேகிப்பதில்லை. இந்திய நோயாளிகளில் இளவயதினரின் பங்கு கூடுதல். பெருங்குடலைவிட மலக்குடலில் வருவதும் இங்கே அதிகம். மலக்குடல் கட்டியில் பெரும்பகுதியை, கையுறை போட்ட ஒரு விரலை ஆசனவாயில் விட்டுப் பார்த்தாலே தொட்டு உணரலாம். செலவில்லாத அந்தச் சோதனையைச் செய்யாமலே மூல மாத்திரை எழுதித்தரும் பழக்கம் இன்னும் போகவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

தாமதமாக வருகிறவர்களுக்குத்தான் ஊசி மருந்து பெரிய கேள்வியாகிறது. ‘கீமோ ஏத்தணும்’ என்று டாக்டர் சொன்னதும் குடும்பத்தில் எழும் பயம், அந்த மருந்து உள்ளே போய் என்ன செய்கிறது என்று தெரியாததிலிருந்து பாதி வருகிறது. மீதிப் பாதி, அது வேலையையும் கை காலையும் என்ன செய்யும் என்பதைப் பற்றியது. முதல் பாதிக்குப் பதில் சொல்ல நிறைய எழுத்து வந்திருக்கிறது. இரண்டாவதைப் பற்றித் தஞ்சை வயல்காட்டை மனசில் வைத்து யாராவது எழுதியிருக்கிறார்களா என்று தேடினால் கிடைப்பது சொற்பம்.

பெருங்குடல் புற்றில் நோயை விரட்டும் முதல் ஆயுதம் கத்திதான். கட்டியோடு குடலின் அந்தப் பகுதியையும் பக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிடுகிறார்கள். எடுத்த கணுக்களில் குறைந்தது 12-ஐயாவது நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும் என்பது உலகம் ஒப்புக்கொண்ட அளவுகோல். ஒன்றில்கூடப் புற்று இல்லையென்றால் இரண்டாம் நிலை அல்லது அதற்கும் கீழே. ஒன்றிலாவது இருந்தால் மூன்றாம் நிலை. ஈரல், நுரையீரல் என்று போயிருந்தால் நான்காம் நிலை. மூன்றாம் நிலையில் கத்தியை மட்டும் நம்பினால் ஏறக்குறைய பாதிப் பேருக்கு நோய் திரும்பி வரும். கண்ணுக்கும் ஸ்கேனுக்கும் தெரியாத உயிரணுக்கள் அதற்குள் ரத்தத்தில் கலந்து எங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதே காரணம். அவற்றைத் தேடிப் பிடிக்கத்தான் ரத்தநாளம் வழியாக மருந்து ஏற்றுவது.

அந்த மருந்துகளில் மூத்தது 5-ஃப்ளூரோயுராசில். எலியின் ஈரல் கட்டிகள் யுராசில் என்ற பொருளை மற்றத் திசுக்களைவிட அதிகமாக இழுத்துக்கொள்கின்றன என்று 1950-களில் கண்டார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் ஹைடல்பெர்கர் அதையே தூண்டிலாக்கினார். யுராசிலில் ஒரு ஹைட்ரஜன் அணுவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஃப்ளூரினை வைத்தார். 1957-ல் அந்த மருந்து வெளிவந்தது. நெல் என்று நினைத்துப் பதரை விதைத்தவன் நாற்றங்கால் போல, உயிரணு அதை உண்மையான பொருள் என்று உள்ளே வாங்கி, டிஎன்ஏ கட்டத் தேவையான தைமினைத் தயாரிக்க முடியாமல் நின்றுபோகிறது. தைமினை உண்டாக்கும் நொதியை இந்த மருந்து கவ்விப் பிடிக்கிறது. கூடவே ஏற்றும் லூக்கோவோரின் அந்தப் பிடியை இறுக்குகிறது. லூக்கோவோரின் ஒரு ஃபோலிக் அமில வகை. ஆகவே ‘வைட்டமின் பாட்டில் எதுக்கு?’ என்று கேட்கும் நோயாளிக்கு, அது சத்துக்காக அல்ல, மருந்துக்குத் துணையாக என்று விளக்கிச் சொல்லலாம்.

ஆனாலும் அறுவைக்குப் பிறகு இதைக் கொடுத்தால் உயிர் மிஞ்சும் என்று நிரூபிக்க 1990 வரை ஆயிற்று. மேயோ கிளினிக்கின் சார்லஸ் மோர்ட்டல் வெளியிட்ட அந்த ஆய்வில் கூட்டாளியாக இருந்தது லெவமிசோல். ஆட்டுக்கும் மாட்டுக்கும் குடற்புழு நீக்கக் கொடுக்கும் அதே மருந்து. மூன்றாம் நிலையில் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. பின்னால் லெவமிசோலின் இடத்தை லூக்கோவோரின் பிடித்துக்கொண்டது.

அடுத்து வந்தது பிளாட்டினம். ஜப்பானில் நகோயா நகரப் பல்கலைக்கழகத்தின் யோஷினோரி கிடானி 1976-ல் ஆக்ஸாலிபிளாட்டினைத் தயாரித்தார். பிரான்சில் ஜார்ஜ் மத்தே அதை மனிதர்களிடம் எடுத்துச்சென்றார். பழைய பிளாட்டின மருந்தான சிஸ்பிளாட்டின் குடல் புற்றில் ஒன்றும் செய்யவில்லை, இது செய்தது. இரண்டும் டிஎன்ஏயில் குவானின் என்ற பகுதியைப் பிடித்து, பக்கத்துப் பக்கத்து இரண்டு குவானின்களுக்கு இடையே பாலம் போடுகின்றன. பாலம் விழுந்த டிஎன்ஏயைப் படியெடுக்க முடியாது. உயிரணு தன்னையே அழித்துக்கொள்கிறது. ஆக்ஸாலிபிளாட்டினோடு ஒட்டியிருக்கும் பருத்த கார்பன் வளையம் அந்தப் பாலத்தை இன்னும் முரட்டுத்தனமாக்குகிறது. சிஸ்பிளாட்டின் பாலத்தைக் கண்டுபிடிக்கும் பழுதுபார்ப்பு ஏற்பாடு இதை அவ்வளவாக அறிவதில்லை. தனியாகக் கொடுத்தால் ஆக்ஸாலிபிளாட்டின் குடல் புற்றில் பலவீனமான மருந்துதான். 5-ஃப்ளூரோயுராசிலோடு சேர்ந்தால்தான் வேகம் பிடிக்கிறது. நோய் பரவிய 420 பேரிடம் நடத்தி 2000-ல் வெளியான ஆய்வில், கட்டி கணிசமாகச் சுருங்கியவர்கள் 22 சதவீதத்திலிருந்து 51 சதவீதமாக உயர்ந்தார்கள்.

அறுவைக்குப் பின் இந்தக் கூட்டணி எவ்வளவு காக்கிறது என்று அளந்தது மொசைக் என்ற ஆய்வு. 2,246 பேர். முதல் முடிவு 2004-ல் வந்தது, பத்தாண்டு முடிவு 2015-ல். மூன்றாம் நிலையில் பத்து ஆண்டுக்குப் பிறகும் உயிரோடு இருந்தவர்கள் பழைய மருந்தில் 59 சதவீதம், ஆக்ஸாலிபிளாட்டின் சேர்த்தபோது 67 சதவீதம். நூறு பேருக்கு எட்டுப் பேர் கூடுதல். சிறிய எண் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அந்த எட்டுப் பேரும் எட்டு வீடுகளின் அப்பாவோ அம்மாவோ. ஆனால் இரண்டாம் நிலையில் அதே ஆய்வில் ஆயுள் கூடவில்லை. எழுபது வயது தாண்டியவர்களுக்கும் ஆக்ஸாலிபிளாட்டின் சேர்ப்பதால் பெரிய பலன் தெரியவில்லை. ‘பலமான ஊசியே போடுங்க டாக்டர்’ என்று கேட்பதற்கு முன் குடும்பம் இதைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

ஊசி என்று சொன்னாலும், நடப்பது கால் நாள் வேலை. ஆக்ஸாலிபிளாட்டினைச் சலைனில் கலக்கவே கூடாது. உப்பில் உள்ள குளோரைடு அதைச் சிதைத்துவிடும். ஐந்து சதவீத குளுக்கோஸ் பாட்டிலில்தான் ஏற்றுவார்கள், இரண்டு மணி நேரம். சர்க்கரை நோய் உள்ளவரின் மகன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்துப் பதறினால் நர்ஸ் இதைத்தான் சொல்ல வேண்டியிருக்கும். அளவை உடலின் பரப்பை வைத்துக் கணக்கிடுகிறார்கள். 150 சென்டிமீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள ஒரு பெண்ணுக்குப் பரப்பு ஏறக்குறைய 1.37 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 130 மில்லிகிராம் என்றால் ஏறக்குறைய 178 மில்லிகிராம்.

மருந்து ஏறிய அன்றும் அடுத்த சில நாட்களும் குளிர்ச்சி ஆகாது. ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொட்டால் விரல் நுனியில் ஷாக் அடித்தது போல இருக்கும். குளிர்ந்ததைக் குடித்தால் தொண்டை இறுகி மூச்சு அடைத்தது போலத் தோன்றும். உண்மையில் காற்றுப் பாதை அடைபடுவதில்லை, ஆனால் அந்தப் பயம் பெரிது. முன்கூட்டிச் சொல்லிவைத்தால் பாதி குறையும். மருந்திலிருந்து பிரியும் ஆக்ஸலேட் நரம்பின் சோடியம் வழிகளைக் கலைப்பதால் வரும் தற்காலிகத் தொந்தரவு இது. மார்கழியில் விடியற்காலை வாசல் தெளிக்கிறவர், பழையதைக் குளிரக் குளிரச் சாப்பிடுகிறவர், வாய்க்காலில் குளிக்கிறவர் எல்லாரும் அந்த நாட்களில் வெந்நீருக்கு மாற வேண்டும்.

இன்னொரு பாதிப்பு மெதுவாக வருகிறது, நிலைத்தும் நிற்கிறது. பிளாட்டினம் முதுகுத்தண்டின் ஓரத்தில் இருக்கும் உணர்வு நரம்பணுக் கூட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் படிகிறது. விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகின்றன. எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். சட்டைப் பொத்தான் போட வராது. மொத்த அளவு சதுர மீட்டருக்கு 800 மில்லிகிராமை நெருங்கும்போது பாதிப்பு கடுமையாகிறது. ஆறு மாத வைத்தியம் ஆயிரத்தைத் தாண்டும். மொசைக் ஆய்வில் வைத்தியத்தின்போது எட்டில் ஒருவருக்கு வேலையே செய்ய முடியாத அளவுக்கு இது வந்தது. பெரும்பாலோருக்கு மெல்லத் தணிந்தாலும், நான்கு வருஷம் கழித்து ஏறக்குறைய 15 சதவீதம் பேரிடம் ஏதோ ஓர் அளவில் மிச்சம் இருந்தது.

அந்த விரல்கள் எந்த வேலை செய்கிற விரல்கள் என்பதை எந்த அட்டவணையும் கேட்பதில்லை. நடவு நடும் பெண்ணைப் பாருங்கள். இடது கையில் பிரித்த நாற்றுமுடி. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதிலிருந்து இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கலங்கிய தண்ணீருக்குள் சேற்றில் ஊன்றி, வேர் மேலே வராமல் அமுக்கிவிட்டு மேலே வருகின்றன. கண் அந்தப் பக்கம் போவதே இல்லை. வரிசையையும் பக்கத்தில் நடுகிறவளையும்தான் பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டு நாற்றா நான்கு நாற்றா என்பதை விரல் நுனி சொல்கிறது. சேறு இளகலா கெட்டியா என்பதைப் பாதம் சொல்கிறது. விரல் மரத்துப்போனால் நடவுக் கூட்டத்தில் அவள் பின்தங்குவாள். அடுத்த வயலுக்குக் கூப்பிட மாட்டார்கள். பாதம் மரத்துப்போனால் அறுத்த தாளின் முனையும் நத்தை ஓடும் குத்தியது தெரியாது. நடவு இயந்திரம் வந்துவிட்ட ஊர்களிலும் களை பறிப்பும் நாற்று பிடுங்குவதும் கருக்கரிவாள் பிடிப்பதும் விரலைத்தான் நம்பியிருக்கின்றன. மருத்துவ அட்டவணையில் ‘இரண்டாம் தர நரம்புப் பாதிப்பு’ என்று ஒரு வரியில் முடிவது ஒரத்தநாட்டிலும் நீடாமங்கலத்திலும் ஒரு குடும்பத்தின் வருமானம்.

இதனால்தான் 2018-ல் வெளியான ஐடியா என்ற கூட்டாய்வை இந்தத் துறையின் எந்தப் புது மருந்தைவிடவும் மேலாக நான் மதிக்கிறேன். பல நாடுகளில் நடந்த ஆறு ஆய்வுகள் சேர்ந்து, 12,834 பேரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்டன: ஆறு மாதம் வேண்டுமா, மூன்று போதுமா? ஒட்டுமொத்தத்தில் மூன்று வருஷம் நோயில்லாமல் இருந்தவர்கள் 75.5 சதவீதமும் 74.6 சதவீதமும். கணக்கியல் விதிப்படி ‘சமம்’ என்று சொல்லிவிட முடியவில்லை. ஆனால் கட்டி குடல் சுவரைத் துளைத்து மிகவும் வெளியே போகாமல், கணுக்கள் மூன்றுக்குள் அடங்கிய குறைந்த ஆபத்துப் பிரிவில் 83.3-க்கு 83.1. வித்தியாசமே இல்லை. கேப்பாக்ஸ் என்ற முறையில் மூன்று மாதம் நன்றாகவே நின்றது. விரல் மரத்துப்போவதோ பாதிக்குப் பாதியாகக்கூட அல்ல, மூன்றில் ஒன்றாகக் குறைந்தது: கேப்பாக்ஸில் 45 சதவீதத்திலிருந்து 14-க்கு.

கேப்பாக்ஸ் என்பது மூன்று வாரத்துக்கு ஒரு முறை ஆக்ஸாலிபிளாட்டின் ஊசி, அதோடு பதினான்கு நாள் காலையும் மாலையும் கேப்சைட்டபின் மாத்திரை. மாத்திரை உடம்புக்குள் 5-ஃப்ளூரோயுராசிலாக மாறுகிறது. இன்னொரு முறையான ஃபோல்ஃபாக்ஸில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வர வேண்டும். நெஞ்சில் போர்ட் என்ற மருந்தேற்றும் சிறு கருவியை வைத்து 46 மணி நேரம் பம்பில் மருந்து ஓட வேண்டும். திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து பஸ் மாறித் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரிக்கு வருகிறவருக்கு மூன்று மாதத்தில் நான்கு முறை வருவதும், ஆறு மாதத்தில் பன்னிரண்டு முறை வந்து ஒவ்வொரு தடவையும் இரண்டு நாள் தங்குவதும் ஒன்றல்ல. துணைக்கு வருகிறவரின் கூலியும் அதில் போகிறது. கேப்சைட்டபினுக்கும் ஒரு குறை உண்டு: உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரிந்து தோல் உரியும். மருந்து நிறுத்தினால் அது ஆறிவிடும், நரம்புப் பாதிப்பு போல ஒட்டிக்கொள்ளாது. ஆனால் மாத்திரை நடக்கும் வாரங்களில் சேற்றில் இறங்கக் கூடாது.

மரத்துப்போன விரலுக்கு மருந்துக் கடையில் ‘நரம்பு மாத்திரை’ என்று பி வைட்டமின்களை வாங்கித் தின்கிறார்கள். பலன் உண்டு என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கால்சியமும் மெக்னீசியமும் ஏற்றினால் தடுக்கலாம் என்று பல வருஷம் நம்பியதும் 2014-ல் வந்த ஆய்வில் பொய்த்துப்போனது. வலியோடு கூடிய மரப்புக்கு டுலாக்செட்டின் கொஞ்சம் உதவும். மற்றபடி, வரும்போதே டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைப்பது அல்லது ஆக்ஸாலிபிளாட்டினை மட்டும் நிறுத்துவதுதான் வழி. ‘மருந்தை நிறுத்திடுவாங்களோ’ என்ற பயத்தில் மறைக்கிறவர்கள் உண்டு. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்துவதும் வைத்தியம்தான்.

நோய் பரவிவிட்டவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது, அதன் கதையில் ஒரு தமிழர் வருகிறார். 1966-ல் அமெரிக்காவில் மன்ரோ வால், மன்சுக் வானி இருவரும் ஒரு சீன மரத்தின் பட்டையிலிருந்து காம்ப்டோதெசினைப் பிரித்தெடுத்தார்கள். வானி மகாராஷ்டிரத்துக்காரர். அந்தச் சீன மரத்தில் அது மிகக் கொஞ்சம். சென்னை மாநிலக் கல்லூரியில் முதல்வராக இருந்து, பிறகு பம்பாய் கோரேகாவில் சிபா ஆராய்ச்சி மையத்தை நடத்திய தி. ரா. கோவிந்தாச்சாரி, என். விஸ்வநாதனோடு சேர்ந்து 1972-ல் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு சிறு மரத்தில் அதே பொருள் தாராளமாக இருப்பதைக் காட்டினார். மராத்தியில் அதற்கு நர்க்யா என்று பெயர். காவிரி பிறக்கும் அதே மலைத்தொடரின் மரம். அந்தப் பொருளைத் திருத்தி ஜப்பானில் உருவாக்கிய இரினோடெகன் 1990-களின் நடுவில் மருந்தாக வந்தது. மரத்துக்கோ அது நல்லகாலமாக அமையவில்லை. வெட்டி வெட்டி மேற்கு மலையில் அரிதாகிவிட்டது.

இரினோடெகன் டிஎன்ஏயின் முறுக்கைத் தளர்த்தும் நொதியை இடையில் பிடித்து வைக்கிறது, இழை அறுபடுகிறது. விரலை மரக்கவைக்காது. பரவிய நோயில் முதலில் ஆக்ஸாலிபிளாட்டினா முதலில் இரினோடெகனா என்று 2004-ல் பிரெஞ்சு ஆய்வு ஒன்று ஒப்பிட்டபோது, எதை முதலில் கொடுத்தாலும் ஆயுள் ஏறக்குறைய ஒன்றே: 20.6 மாதம், 21.5 மாதம். அப்படியானால் விரலை நம்பிப் பிழைக்கிறவருக்கு இரினோடெகனை முதலில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்க இடமிருக்கிறது, கேட்கவும் வேண்டும். அறுவைக்குப் பிந்திய தடுப்பு வைத்தியத்தில் மட்டும் இரினோடெகன் பயன்படவில்லை. அங்கே ஆக்ஸாலிபிளாட்டினுக்கு மாற்று இல்லை.

இரினோடெகனின் விலை வயிற்றுப்போக்கு. ஏற்றும்போதே வருவது அட்ரோப்பினில் அடங்கும். ஊருக்குத் திரும்பிச் சில நாள் கழித்து வருவதுதான் ஆபத்து. லோப்பரமைடு மாத்திரையும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் கையில் கொடுத்தனுப்ப வேண்டும். எந்த ஊசியாக இருந்தாலும் ஒன்று பொது: வெள்ளையணு இறங்கியிருக்கும் நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் அது அவசரம், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எலிக்காய்ச்சல் திரியும் வயல்காட்டில் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காலைவரை பார்ப்போம் என்பது உயிரோடு விளையாடுவது.

மலக்குடல் கட்டிக்கு வரிசை வேறு. முதலில் ‘கரண்ட் வைப்பது’ என்று சொல்லும் கதிர்வீச்சு, கூடவே அல்லது தொடர்ந்து ஊசி, கடைசியில் கத்தி என்ற முறை 2020-க்குப் பிறகு வலுப்பெற்றுவருகிறது. கட்டியில் டிஎன்ஏ பழுதுபார்ப்பு மரபணு கெட்டுப்போயிருக்கும் சிறு பிரிவினருக்குக் கீமோவே வேண்டியிராத நிலையும் வந்திருக்கிறது. 2022-ல் நியூயார்க்கில் டோஸ்டார்லிமாப் என்ற எதிர்ப்புச்சக்தி மருந்து மட்டும் பெற்ற முதல் 12 மலக்குடல் நோயாளிகளுக்கும் கட்டி முழுதாக மறைந்தது. விலை இன்று நமக்கு எட்டாத உயரத்தில். ஆனால் அந்த மரபணுக் குறையைக் காட்டும் சாயச் சோதனை எட்டக்கூடியதுதான். இளவயது நோயாளி ஒவ்வொருவருக்கும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். குடும்பத்தில் மற்றவர்களையும் அது எச்சரிக்கும்.

ஆக்ஸாலிபிளாட்டின், இரினோடெகன், கேப்சைட்டபின் மூன்றையும் உலக சுகாதார நிறுவனம் 2015-ல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. காப்புரிமைக் காலம் முடிந்து இந்தியக் கம்பெனிகளே தயாரிக்கின்றன. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகமும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டமும் இருப்பதால், நம் மாநிலத்தில் மருந்தின் விலை மட்டுமே ஒருவரை விரட்டிவிடும் நிலை பல மாநிலங்களைவிடக் குறைவு. மிச்சமிருப்பது தூரம். திருவாரூரில் 2010-லும் நாகப்பட்டினத்தில் 2022-லும் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டன. 2025 மத்திய பட்ஜெட் மூன்று ஆண்டுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனையிலும் பகல்நேரப் புற்று மையம் என்று அறிவித்தது. கேப்பாக்ஸ் ஊசி அப்படிப்பட்ட மையத்துக்கென்றே அமைந்தது போன்றது: போர்ட் வேண்டாம், பம்ப் வேண்டாம், தங்க வேண்டாம்.

அறுவைக்குப் பிறகு எட்டு வாரத்துக்குள் ஊசி தொடங்குவது நல்லது. ஆவணியில் கத்தி வைத்தவருக்கு ஐப்பசிக்குள் முதல் ஊசி. நான்கு முறை என்றால் தை பிறக்கும்போது முடியும். கடைசி ஊசிக்குப் பிறகும் சில மாதம் மரப்பு கூடிக்கொண்டே போவதுண்டு, அதற்குப் பிறகே இறங்கத் தொடங்கும். ஆகவே தை அறுவடைக்கு அரிவாளைத் தொடாமல், களத்தில் காயவைக்கும் வேலையோடு செருப்பைக் கழற்றாமல் இருந்துகொள்ள வேண்டும். மேட்டூர் ஜூன் 12-ல் திறந்து குறுவைக்குத் தண்ணீர் வந்து சேரும்போது, அந்த விரலால் ஒரு நாற்றுமுடியைப் பிரித்துப் பார்த்து, எத்தனை நாற்று வருகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்லலாம். சரியாகச் சொன்னால் வயலில் இறங்கலாம்.